வங்கிக் குறுஞ்செய்தியைத் திறக்கவே அச்சமாக இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். நானும் என் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். இருவரின் சம்பளமும் குடும்பத்துக்குப் போதுமானது என்றே தோன்றினாலும், மாதத்தின் கடைசி வாரத்தில் கையில் எதுவும் மிஞ்சாமல் கிரெடிட் கார்டை எடுக்க வேண்டியிருக்கிறது. "பணமெல்லாம் எங்கே போனது?" என்று அவர் கேட்கும்போது என்மீது குற்றம் சுமத்துவதாகவே படுகிறது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் திறக்காமலே விட்டுவிடுகிறேன். இப்போது மாதந்தோறும் பட்ஜெட் போடலாம் என்கிறார். ஒவ்வொரு செலவுக்கும் அவரிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டிய நிலை வந்துவிடுமோ என்று கோபமாக வருகிறது. இது பணப் பிரச்சினையா, மனப் பிரச்சினையா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும்தான். முதலில் அந்தத் திறக்கப்படாத குறுஞ்செய்திகளைப் பற்றிப் பேசுவோம். கெட்ட செய்தி இருக்கும் என்று சந்தேகிக்கும் இடத்தைப் பார்க்காமல் தவிர்ப்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் 'நெருப்புக்கோழி விளைவு' என்கிறார்கள். (நெருப்புக்கோழி உண்மையில் மணலில் தலையைப் புதைப்பதில்லை, அந்தப் பழக்கம் மனிதர்களுக்குத்தான் உண்டு.) பார்க்காமல் இருப்பதால் அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கிறது, ஆனால் எவ்வளவு குறைகிறது என்பது தெரியாத வரையில் மனம் அந்தக் குறையைத் தன் போக்கில் பெரிதாக்கிக்கொண்டே இருக்கும். தொகை தெரிந்துவிட்டால், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், என்ன செய்யலாம் என்று யோசிக்கவாவது முடியும்.

உங்கள் கணவரின் கேள்வி முடிந்துபோன செலவைப் பற்றியது. ஆகவே அது விசாரணையாகவே ஒலிக்கும். பட்ஜெட் என்பது செலவு நடப்பதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து எடுக்கும் முடிவு. நீங்கள் அஞ்சும் கணக்கு ஒப்பித்தல் பட்ஜெட் இல்லாததால்தான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

உங்கள் கடைசி வாரத் தட்டுப்பாட்டுக்கு ஊதாரித்தனம்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வரப்போகும் செலவை மதிப்பிடும்போது நாம் ஒரு சாதாரண மாதத்தை மனத்தில் வைத்துக் கணக்கிடுகிறோம். காப்பீட்டுத் தவணை, கல்விக் கட்டணம், வாகனப் பழுது, உறவினர் வீட்டுத் திருமணம் போன்றவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஏதேனும் ஒரு விதிவிலக்கு இல்லாத மாதம் அரிது. கடந்த ஓராண்டில் இப்படி வந்த செலவுகளைக் கூட்டி, 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்தவுடனேயே தனியாக எடுத்து வையுங்கள். கார்டைப் பொறுத்தவரை, ரொக்கம் கொடுக்கும்போது உண்டாகும் உறுத்தல் அதில் குறைவு என்பதும், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முதல் மாதம் எதையும் குறைக்க முயலாமல் செலவுகளை ஒரு நோட்டில் எழுதி மட்டும் வாருங்கள். எழுதும் பொறுப்பு ஒருவரிடமே இருக்க வேண்டாம். சண்டை நடந்த நாளில் அந்த நோட்டைத் திறக்கவும் வேண்டாம். இன்னொன்றை நான் வலியுறுத்திச் சொல்வேன்: இருவருக்கும் சமமாக, சிறிய தொகையானாலும், யாரும் கேள்வி கேட்காத தனிப்பணம் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும். உங்கள் கோபத்துக்கான பதில் பெரும்பாலும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சம்பளத்தை முழுவதுமாக வாங்கி வைத்துக்கொள்வது, சொந்தத் தேவைக்கும் அனுமதி கேட்க வைப்பது போன்றவை நடந்தால் அது பட்ஜெட் ஆகாது. பணத்தைக் காட்டி ஒருவரை அடக்குவது. அதை நோட்டுப் போட்டுத் தீர்க்க முடியாது, நேரில் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எனக்குத் தெரியவில்லை. இருந்தால் தயங்காமல் மீண்டும் எழுதுங்கள்.