செயலிக் கடைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கேள்வி: கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) தேர்வைத் தமிழில் எழுதுகிறவர்களுக்காக மாதிரி வினாத்தாள் செயலி ஒன்றை நானே உருவாக்கியிருக்கிறேன். ஆண்டுச் சந்தா 200 ரூபாய். அதில் 30 விழுக்காட்டை ப்ளே ஸ்டோர் எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் நண்பர்கள். பணத்தை ஜிபேயிலேயே வாங்கிக்கொள்ளக் கூடாதா?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: நண்பர்கள் சொல்லும் விகிதம் பழையது. 2022 ஜனவரி முதல் சந்தாக்களுக்கு முதல் நாளிலிருந்தே 15 விழுக்காடு என்று கூகுள் குறைத்துவிட்டது. ஆகவே 200 ரூபாயில் உங்களிடமிருந்து போவது, வரி நீங்கலாக, 30 ரூபாய். ஐபோனுக்கும் செயலியைக் கொண்டுபோவதானால் ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் பதிவுக் கட்டணம் உண்டு. அங்கே சிறு நிறுவனங்களுக்கான 15 விழுக்காட்டுச் சலுகைக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். அது தானாக வராது.

உங்கள் மாதிரி வினாத்தாள் செயலிக்குள்ளேயே பயன்படும் டிஜிட்டல் பொருள் என்பதால், செயலிக்குள் ஜிபே எண்ணைக் கொடுத்துப் பணம் வாங்குவதைக் கூகுளின் விதி அனுமதிப்பதில்லை. கூகுளின் கட்டண முறையோடு வேறொரு கட்டண முறையையும் சேர்த்து வைக்கும் ஏற்பாடு இந்தியாவில் உண்டு. ஆனால் அதில் கமிஷன் 15 விழுக்காட்டிலிருந்து 11 ஆகத்தான் குறையும். 22 ரூபாயைக் கூகுளுக்குக் கொடுத்துவிட்டு, பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கட்டணத்தையும் நீங்களே ஏற்றால், மிஞ்சுவது சொற்பம். அதற்காக மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து.

யுபிஐ வழியே வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு வணிகர் கட்டணமே இல்லாத நாட்டில், இன்ன வழியில்தான் பணம் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தி அதற்குப் பங்கும் கேட்பது நியாயமல்ல. செயலியைச் சோதிப்பதற்கும் கோடிக்கணக்கானோருக்குக் கொண்டுசேர்ப்பதற்கும் செலவு உண்டு என்பதை மறுக்கவில்லை; என் ஆட்சேபம் கட்டாயத்தின் மீது. இந்தியப் போட்டி ஆணையமும் இந்தக் கட்டாயத்தைத்தான் குற்றமாகக் கண்டு 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. இடையில், 2024 மார்ச் மாதத்தில், கட்டணத் தகராறில் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட செயலிகள் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டு, மத்திய அரசு தலையிட்ட பின்னரே திரும்பி வந்தன. பெரிய நிறுவனங்களுக்கே அந்த நிலை என்றால், தனி ஆளாகிய நீங்கள் விதியை மீறிப் பார்ப்பது ஆபத்து.

விதிக்கு உட்பட்டே ஒரு வழி இருக்கிறது. சந்தாவை உங்கள் சொந்த இணையதளத்தில் விற்று, செயலியில் உள்நுழைவை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்த இணையதளத்தில் உள்ள சந்தா விலையையோ அதன் இணைப்பையோ செயலிக்குள் காட்டாமல், வாட்ஸ்அப் குழுவிலும் பயிற்சி வகுப்புகளிலும் தெரிவியுங்கள். மாணவர்களின் பட்டியலும் அப்போது உங்கள் கையிலேயே இருக்கும்.

இன்னொன்று: 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்கியவர்கள், குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதனையில் வைத்திருந்த பிறகுதான் செயலியைப் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்க முடியும். பேருக்கு ஆள் சேர்க்காமல், உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் உண்மையிலேயே தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களைச் சேருங்கள். வினாத்தாளில் உள்ள பிழைகளை அவர்கள்தான் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

கேள்வி: வீடு வீடாகப் பால் போடும் எங்கள் செயலிக்கும் இந்தக் கமிஷன் உண்டா?
— வாசகர், வேலந்தாவளம்

பதில்: கிடையாது. பால், தேங்காய், ஆட்டோ சவாரி போன்ற நேரடிப் பொருள்களும் சேவைகளும் இந்த விதிக்குள் வருவதில்லை. யுபிஐயில் தாராளமாக வாங்குங்கள். கூகுளுக்கு நீங்கள் கட்ட வேண்டியது, கணக்குத் தொடங்கும்போது ஒரே முறை செலுத்தும் 25 டாலர் மட்டுமே.