விடுதியில் ஒரு கொலையாளி – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் முதுகலை படிக்கிறேன். ஹாஸ்டல்தான். டிசம்பரில் செமஸ்டர் முடிந்து பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிய பிறகு, மிச்சமிருந்தவர்கள் லேப்டாப்பில் கல்லூரியில் நடக்கும் ஸ்லாஷர் படங்களாக, அதாவது ஒரு கொலையாளி ஒவ்வொருத்தராகக் கொன்று தீர்க்கிற படங்களாகத் தேடிப் பார்த்தோம். ‘அர்பன் லெஜண்ட்’ முக்கால்வாசி நேரம் சிரிப்புதான். விடுதி அறையில் நடக்கும் ஒரு காட்சியில் மட்டும் எல்லோரும் கப்சிப். ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ போட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. அது பழைய படம், ரத்தமும் அதிகமில்லை. ஆனால் அன்று ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போக ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை.

எல்லாம் ஒரே கதைதானே? ஒவ்வொருத்தராகச் சாவார்கள், கடைசியில் ஒரு பெண் மிஞ்சுவாள். முடிவு தெரிந்த கதை ஒரு படத்தில் பயமுறுத்துகிறது, இன்னொன்றில் சிரிப்பு வருகிறது. ஏன்? எங்கள் மேடம் ஒருவர், பெண்களைக் கொல்வதை ரசிக்கவைக்கும் படங்கள் இவை என்கிறார். நாங்கள் ரசித்தது தப்பா?

மு., பாளையங்கோட்டை

அன்புள்ள மு.,

முடிவு தெரிந்த கதையைக் கேட்டுப் பயப்படுவது நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்க உட்காருகிறவர்களுக்குப் பழிவாங்க வந்த பேயான நீலியின் கதை மனப்பாடம். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘என் புருஷன் என்னை விட்டுவிட்டு ஓடுகிறான்’ என்று ஊர் நடுவில் நின்று அழுகிறாள். அவள் பேய் என்று செட்டி கதறுகிறான். பழையனூர்ப் பெரியவர்கள் எழுபது பேரும் ‘உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு’ என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் ராத்தங்க அனுப்புகிறார்கள். விடிந்தால் என்ன கிடக்கும் என்று கேட்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த எழுபது பேருக்கு மட்டும் தெரியாது. கதவைச் சாத்துகிற இடத்தில் உடுக்கு வேகம் எடுக்கும்போது, பலமுறை கேட்ட கிழவிக்கும் மயிர்க்கூச்செறியும்.

ஸ்லாஷர் படம் வேலை செய்வதும் இப்படித்தான் என்பது என் எண்ணம். நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லையே என்ற தவிப்பில்தான் பயம் இருக்கிறது. அந்தத் தவிப்பு வர இரண்டு வேண்டும். அவள் யாரென்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவள் இருக்கிற இடம் பழகியிருக்க வேண்டும்.

‘பிளாக் கிறிஸ்துமஸ்’ கனடாவில் 1974-ல் பாப் கிளார்க் எடுத்தது. கல்லூரி மாணவிகள் சேர்ந்து தங்கியிருக்கும் ஒரு வீடு, கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்குகிற நேரம். படம் ஆரம்பித்த சில நிமிடங்களில் ஒருவன் சுவரேறி மச்சுக்குள் புகுந்துவிடுகிறான். நாம் பார்த்துவிட்டோம், வீட்டில் இருப்பவர்கள் பார்க்கவில்லை. முதலில் சாகிற பெண்ணை அவன் மச்சில் ஜன்னலோரம் ஒரு ஆடும் நாற்காலியில் உட்காரவைக்கிறான், முகத்தில் பிளாஸ்டிக் உறையோடு. மறுநாள் அவளுடைய அப்பா, மகளை ஊருக்குக் கூட்டிப்போக வந்து காத்துக்கொண்டு நிற்கிறார். லீவுக்கு அழைத்துப் போக வந்து ஹாஸ்டல் வாசலில் நிற்கும் அப்பாக்களைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு அந்த ஆள் வேற்று நாட்டுக்காரராகத் தெரிந்திருக்க மாட்டார். ஊரெல்லாம் தேடுகிறார்கள், போலீசுக்குப் போகிறார்கள். அவள் தலைக்கு மேலேயே இருக்கிறாள். படம் முடியும்வரை யாரும் அவளைக் கண்டுபிடிப்பதில்லை.

அதில் ஒரு காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். வாசலில் சின்னப் பிள்ளைகள் கேரல் பாடுகிறார்கள். அந்த வீட்டு மாணவிகளில் ஒருத்தியான ஜெஸ் கதவைத் திறந்து நின்று கேட்கிறாள். அதே நேரம் மாடியில் அவள் தோழி பார்ப் கண்ணாடியால் ஆன ஒற்றைக்கொம்புக் குதிரைப் பொம்மையால் குத்தப்படுகிறாள். கத்தலைப் பாட்டு மூடிவிடுகிறது. டிசம்பர் ராத்திரிகளில் கேரல் ரவுண்ட்ஸ் வந்து கதவு தட்டும் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதைப் பார்த்தால் தூக்கம் எப்படி வரும்? பார்ப் சும்மா சாவதற்கென்று வந்தவளும் இல்லை. விடுமுறைக்கு அம்மா வேறு திட்டம் போட்டுவிட்டாள் என்று போனில் தெரிந்துகொண்டு, குடித்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசித் திரிகிறவள். எரிச்சலும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. அப்படி ஒருத்தி சாகும்போது சிரிக்க முடியாது.

படம் நெடுக அந்த வீட்டுக்கு மிரட்டல் போன் வந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் அது வருவது அந்த வீட்டுக்குள்ளிருந்தே என்று தெரிந்துவிடுகிறது. ஒன்றும் கேட்காமல் வாசல் வழியாக வெளியே போ என்று போலீஸ்காரர் சொல்கிறார். ஜெஸ் போகவில்லை. தோழிகள் மாடியில் இருக்கிறார்களே! கையில் ஒரு இரும்புக்கம்பியை எடுத்துக்கொண்டு ஏறுகிறாள். நம் ஊர்த் தியேட்டராக இருந்தால் ‘ஏட்டி, மேல போவாத!’ என்று யாராவது சத்தம் போட்டிருப்பார்கள். சுமாரான படங்களிலும் பெண்கள் மாடிக்குப் போகிறார்கள், ஆனால் இயக்குநர் அனுப்பியதால் போகிறார்கள். ஜெஸ்ஸுக்குக் காரணம் இருக்கிறது. நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

‘அர்பன் லெஜண்ட்’ (1998) உங்களைச் சிரிக்கவைத்ததில் ஆச்சரியமில்லை. வதந்திக் கதைகளில் வருகிற மாதிரியே யாரோ கொலை செய்கிறார்கள் என்பது நல்ல யோசனைதான். ஆனால் தோளில் கை விழும், சட்டென்று இசை அலறும், திரும்பினால் நண்பன். இதை இரண்டு மூன்று முறை செய்தால் பார்க்கிறவர்கள் படத்தை நம்புவதை விட்டுவிடுவார்கள். நீங்கள் கப்சிப் ஆன காட்சி எதுவென்று ஊகிக்க முடிகிறது. கதாநாயகி நடாலி அறைக்கு வருகிறாள். ஒரே இருட்டு. பக்கத்துக் கட்டிலில் சத்தம். அறைத்தோழி யாருடனோ இருக்கிறாள் என்று நினைத்து, விளக்கைப் போடாமல், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுத்துவிடுகிறாள். விடிந்து பார்த்தால் தோழி பிணம், சுவரில் ரத்தத்தால் எழுத்து: விளக்கைப் போடாமல் விட்டதில் சந்தோஷம்தானே? அமெரிக்க விடுதிகளில் வாய்வழியாகச் சுற்றிய கதை அது. அறைத்தோழியின் தூக்கம் கெடக்கூடாதென்று செல்போன் வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறிப் படுக்கிற உங்களுக்கு, அந்தப் படத்தில் அந்த ஒரு அறை மட்டும் சொந்த அறை.

இதே படத்தின் சாயலில் 2003-ல் தமிழில் ‘விசில்’ வந்தது. பாட்டும் தனிக் காமெடியும் குறுக்கே வந்து சேர்த்துவைத்த பயத்தைக் கலைத்துவிட்டன. ‘சிவப்பு ரோஜாக்க’ளும் (1978) ‘மூடுபனி’யும் (1980) பலமான படங்கள், ஆனால் அவை கொலைகாரனின் மனதுக்குள் போகிறவை, வேறு வகை. நம் ஹாஸ்டலில் வார்டன் உண்டு, அட்டெண்டன்ஸ் உண்டு, ஆறு மணிக்குப் பூட்டுகிற கேட் உண்டு. பெரியவர்களே இல்லாத அமெரிக்க விடுதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒட்டாது. ஆனால் மெஸ் மூடிவிட்ட, பாதி அறைகளில் பூட்டுத் தொங்குகிற, தூரத்து ஊர்க்காரப் பெண்கள் நாலு பேர் மட்டும் மறுநாள் பஸ்ஸுக்காகத் தங்குகிற அந்த ஒரு ராத்திரியை இங்கேயே படித்த யாராவது எடுத்தால் நிச்சயம் நடுங்கவைக்கும். உங்களில் யாராவது எழுதிப் பார்க்கலாம், உண்மையாகவே சொல்கிறேன்.

உங்கள் மேடம் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். இந்தப் படங்களில் ஆண்கள் சட்டென்று சாகிறார்கள், கேமராவும் தள்ளி நிற்கிறது. பெண்ணின் சாவைத்தான் பக்கத்தில் போய் நின்று நீட்டிக் காட்டுகிறது. கரோல் குளோவர் 1987-ல் எழுதிய கட்டுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். பழைய ஸ்காண்டிநேவியக் கதைகளில் தேர்ந்த பேராசிரியை அவர். அதனால்தான் இந்தப் படங்கள் வாய்மொழிக் கதைகளைப் போலத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறவை என்று அவருக்குத் தெரிந்தது. அவரே இன்னொன்றும் சொன்னார். கொலைகாரனின் கண்ணால் பார்க்கத் தொடங்கும் இளவட்டப் பையன்கள் கடைசியில் அந்த மிஞ்சும் பெண்ணின் பக்கம் வந்து நிற்கிறார்கள்.

நான் இரண்டையும் ஏற்கிறேன். ஒரு பெண்ணை உடம்பாக மட்டும் காட்டி, வெட்டி, அடுத்தவளுக்குப் போகிற படங்கள் நிறைய உண்டு. அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன். அவை பயமுறுத்துவதும் இல்லை, யார் செத்தால் நமக்கென்ன என்று ஆகிவிடுகிறது. நீங்கள் ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ பார்த்து பாத்ரூமுக்குத் துணை தேடியது அந்தப் பெண்கள்மேல் அக்கறை வந்துவிட்டதால்தான். அதில் தப்பு ஒன்றுமில்லை.

அடுத்து ‘ஹாப்பி டெத் டே’ (2017) பாருங்கள். பிறந்தநாளன்று கொல்லப்படும் மாணவி மறுபடி அதே காலையில் அதே விடுதி அறையில் கண் விழிக்கிறாள், மறுபடி சாகிறாள். அதே வளாகத்தைத் திரும்பத் திரும்ப நடந்து கடப்பதால் ஒவ்வொரு மூலையும் நமக்குப் பழகிவிடுகிறது. சிரிக்கவும் வைக்கும், வேண்டுமென்றே வைக்கிற சிரிப்பு. அப்புறம் ‘ஸ்கிரீம் 2’ (1997). விபத்தில் நொறுங்கிய போலீஸ் காருக்குள் முகமூடிக்காரன் மயங்கிக் கிடக்கிறான், வெளியே வர வேண்டுமென்றால் அவன்மேல் ஏறித்தான் வர வேண்டும். அந்தக் காட்சி வரும்போது யாரும் போனை நோண்ட வேண்டாம்.

அன்புடன்