லாபம் வந்த பிறகு என்ன கேள்வி? – கடிதம்

அன்புள்ள ஆச்சிக்கு,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்கிறேன். அமெரிக்க அதிபர்களைப் பதவிநீக்கம் செய்யச் சொல்லி எழுந்த குரல்களைப் பற்றி ஒரு கட்டுரை தயாரிக்கிறேன். 2008 ஜூனில் டென்னிஸ் குசினிச் என்ற உறுப்பினர் அப்போதைய அதிபர் புஷ் மீது 35 குற்றச்சாட்டுகளைப் பிரதிநிதிகள் சபையில் மணிக்கணக்காக நின்று வாசித்திருக்கிறார். இராக் போருக்குச் சொன்ன பொய்க் காரணங்கள், கைதிகள் சித்திரவதை, ஒட்டுக்கேட்பு எல்லாம் அதில் இருக்கின்றன. பெரிய ஊடகங்கள் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. 2025 ஜூனில் ஈரான் மீது குண்டு வீசியதற்காக அல் கிரீன் என்ற உறுப்பினர் ட்ரம்ப் மீது கொண்டுவந்த தீர்மானத்தையும் 344-79 என்று ஓரங்கட்டிவிட்டார்கள். நிக்சனைப் பதவிநீக்கம் செய்த நாடா இது? தென் கொரியாவில் முடிகிறதே! மக்கள் மரத்துப் போய்விட்டார்களா, ஊடகங்கள் விலைபோய்விட்டனவா? நம் குடியரசுத் தலைவர் மீது இப்படி ஒன்று வந்தால் நாம் மட்டும் என்ன கிழித்துவிடுவோம்? நண்பர்களிடம் பேசினால், "உனக்கெதுக்குடா அமெரிக்கா?" என்று சிரிக்கிறார்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

முதலில் ஒரு குட்டு வைத்துவிடுகிறேன். நிக்சனை யாரும் பதவிநீக்கம் செய்யவில்லை. சபையின் நீதிக் குழு 1974 ஜூலையில் மூன்று குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது. முழுச் சபை வாக்களிப்பதற்குள், ஆகஸ்ட் 9 அன்று, அவராக விலகிப் போய்விட்டார். சபை குற்றம் சாட்டினால் மேலவையான செனட் விசாரிக்கும். அங்கே தண்டிக்கப்பட்டுப் பதவியிழந்த அமெரிக்க அதிபர் என்று இதுவரை ஒருவர்கூட இல்லை. 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். கிளின்டன் ஒரு முறை, ட்ரம்ப் இரண்டு முறை, சபையில் மாட்டி செனட்டில் மீண்டார்கள். அரசியல் அறிவியல் படிக்கிற பிள்ளை இதைத் தப்பாக எழுதலாமா? கட்டுரையில் திருத்திவிடுங்கள்.

கொரியாவை விடுங்கள். அங்கே நாடாளுமன்றம் குற்றம் சாட்டினால் தீர்ப்புச் சொல்ல அரசமைப்பு நீதிமன்றம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. 2017 மார்ச்சில் பார்க் கியுன் ஹே, 2025 ஏப்ரலில் யூன் சுக் யோல் இருவரையும் இறக்கியது அதுதான். அமெரிக்காவில் செனட்டர்களே தீர்ப்புச் சொல்கிறவர்கள், அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு மக்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் உங்கள் நண்பர்கள். "உனக்கெதுக்கு அமெரிக்கா" என்கிறார்கள் இல்லையா? அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 1787-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசமைப்பை எழுத உட்கார்ந்தபோது, அதிபரைப் பதவிநீக்க தேசத்துரோகம், லஞ்சம் என்ற இரண்டு காரணங்கள் மட்டும் போதாது என்று ஜார்ஜ் மேசன் வாதாடினார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் வாரன் ஹேஸ்டிங்ஸ். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் செய்த காரியங்களுக்கு தேசத்துரோகம் என்று பெயர் வைக்க முடியாது, ஆனால் விசாரிக்காமலும் விட முடியாது என்பது அவர் வாதம். அதன் பிறகுதான் "வேறு பெருங்குற்றங்களும் முறைகேடுகளும்" என்ற பகுதி அந்தச் சட்டத்தில் ஏறியது. அமெரிக்க அதிபர் இன்றைக்குப் பயப்பட வேண்டிய அந்த வரிக்குப் பின்னால், ஹேஸ்டிங்ஸ் பணம் பறித்த காசி ராஜா சேத் சிங்கும் அயோத்தி பேகம்களும் நிற்கிறார்கள். நமக்கில்லாமல் வேறு யாருக்கு அமெரிக்கா?

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் அந்த ஹேஸ்டிங்ஸ் விசாரணையைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். 1788 பிப்ரவரி 13 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கியபோது லண்டனே திரண்டது. நுழைவுச்சீட்டை விலைபேசி வாங்கினார்கள். குற்றம் சாட்டிய எம்.பி.க்களில் எட்மண்ட் பர்க் நாட்கணக்கில் பேசினார், ஷெரிடன் பேசி முடித்து பர்க்கின் கைகளில் சாய்ந்தார், சீமாட்டிகள் கண்ணைத் துடைத்தார்கள். சரி, அப்புறம்? வழக்கு ஏழு வருஷம் இழுத்தது. ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. பிரான்ஸில் புரட்சி வந்ததும் பேச அதைவிடச் சூடான விஷயம் கிடைத்தது. 1795 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு வாக்களித்த பிரபுக்கள் 29 பேர்தான். விடுதலை. கம்பெனி அவருக்கு வருஷத்துக்கு 4,000 பவுண்டு உதவித்தொகையும் கொடுத்தது. கொள்ளை போனது அந்த பேகம்களின் பைசாபாத்தில், அழுதது லண்டனில், அதுவும் முதல் சீசனில் மட்டும்.

இதைவிட என்னை உறுத்துவது அந்த விசாரணை தொடங்குவதற்கு மூன்று வருஷம் முந்தையது. 1785-இல் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசினார். பால் பென்ஃபீல்டு போன்ற கம்பெனிக்காரர்கள் நவாபுக்குக் கடுவட்டிக்குக் கொடுத்ததாகப் பத்திரம் காட்டினார்கள். அதற்கு ஈடாக நம் சீமைகளின் வரி வருமானம் அடகு போனது. அந்தக் கடனை அடைக்க வரி வசூல், வசூலுக்குப் படை. 1772-இல் நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து வந்து சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்ற காளையார்கோயில், காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற தூரம். கடன்கள் நிஜமா என்று விசாரிக்காமலேயே அவற்றை அடைக்க லண்டன் அரசாங்கம் ஒப்புக்கொண்டதைத்தான் பர்க் கேட்டார். சபை அவர் கேள்வியைத் தோற்கடித்துவிட்டு வீட்டுக்குப் போனது. வட்டித்தொழில் எங்களுக்குத் தெரியாததில்லை. எங்கள் ஐயாவிடம் அந்தப் பத்திரங்களை நீட்டியிருந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடும் முன்பே பாதியைத் தள்ளி வைத்திருப்பார்.

ஐயாவைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பினாங்கில் கடை. நான் சிறுமியாக இருந்தபோது கடையை நடத்திய மேலாள் மூன்று வருஷத் தவணை முடிந்து ஊருக்கு வந்தார். நல்ல லாபம். எங்களுக்கெல்லாம் டின் பிஸ்கட், குடை, வாசனை சோப்பு. அடுப்படியில் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் வேகிற வாசனை. பட்டாலையில் ஐயா மட்டும் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பற்றில் விரலை ஊன்றி, "இது யார் பேர்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் தொடங்கியது, சாப்பாட்டுக்கு இலை போட்டும் முடியவில்லை. அப்பத்தா அடுப்படியிலிருந்தே, "லாபம் வந்திருக்கு, அப்புறம் என்ன கேள்வி? மனுஷன் கடல் தாண்டி வந்திருக்காரு" என்று சத்தம் போட்டார். சித்தப்பாவுக்கு முகமே தொங்கிவிட்டது. வந்தவரை ஐயா அவமானப்படுத்துகிறாராம்.

அவமானப்பட்டதாகத் தெரியாத ஒரே ஆள் அந்த மேலாள்தான். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாக இருந்து, மேலாளாக ஆனவர் அவர். திரும்பி வந்தால் ஐந்தொகைக் கணக்கைப் பைசா விடாமல் ஒப்பிக்க வேண்டும் என்று தெரிந்துதான் கப்பல் ஏறியிருந்தார். பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பதில் சொன்னார். அந்தப் பற்றில் தப்பும் இல்லை. கை கழுவிவிட்டு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அமெரிக்காவில் இல்லாமல் போனது இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தவணை முடிந்தால் கணக்கு. லாபமோ நஷ்டமோ, நல்லவரோ கெட்டவரோ, அதைக் கேட்க யாருக்கும் தனியாகத் துணிச்சல் வேண்டியதில்லை. அதிபர் விஷயத்தில் அந்த நாள் எப்போதும் வருவதே இல்லை. 1998 டிசம்பரில் சபை கிளின்டன் மீது குற்றம் சாட்டியபோது காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் அவருக்கு 73 சதவீத ஆதரவு. தொழில் நன்றாக நடக்கிறது, அப்புறம் என்ன கேள்வி? (அந்தக் குற்றச்சாட்டே அற்பமானது என்பது என் எண்ணம், அது வேறு கதை.) 2008-இல் புஷ்ஷின் ஆதரவு அதில் பாதிக்கும் கீழே. அப்போது என்ன சொன்னார்கள்? இன்னும் சில மாதத்தில் போகிறவர், விடுங்கள். பதவியின் நடுவில் கேட்டால், தேர்தல் வருகிறது, ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பார்கள். தேர்தல் முடிந்து கேட்டால், ஜனங்கள்தான் பார்த்துவிட்டார்களே! எந்த மாதத்தில் கேட்டாலும் அது தப்பான மாதம்.

நாள் குறிக்காததால் கேட்கிற ஆள்தான் செய்தியாகிறார். குசினிச் கேட்ட 35 கேள்விகளுக்கு இடம் இல்லை. அதற்கு முந்தைய வருஷம், வானத்தில் என்னவென்று தெரியாத எதையோ பார்த்ததாக அவர் ஒப்புக்கொண்டதை வைத்துச் சிரிக்க நிறைய இடம் இருந்தது. ஊடகங்கள் விலைபோனதா என்று கேட்கிறீர்கள். ஒரு பைசா கைமாறாமலே இது நடக்கும், எனக்குப் பயம் அதுதான். நிருபர் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை ஓட்டு தேறும்? தேறாது என்றால் செய்தி இல்லை. செய்தி இல்லாததால் தேறவும் தேறாது. பதவிநீக்கம் என்ற பேச்சே கிடையாது என்று 2006-லேயே சபையில் ஜனநாயகக் கட்சியின் தலைவராக இருந்த நான்சி பெலோசி சொல்லிவிட்டார், அவருடைய கட்சி பெரும்பான்மைக்கு வந்த வருஷம் அது. குசினிச்சின் தீர்மானத்தை 251-166 என்று நீதிக் குழுவுக்கு அனுப்பினார்கள். அனுப்பியது புதைக்கத்தான்.

நிக்சன் காலத்தை ஏதோ பொற்காலம் போல எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாட்டர்கேட் கட்டடத்தில், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்த ஆட்கள் பிடிபட்டது 1972 ஜூனில். நவம்பரில் ஜனங்கள் நிக்சனை 49 மாநிலங்களில் ஜெயிக்க வைத்தார்கள். 1973 ஜூலையில் ராபர்ட் டிரைனன் என்ற ஏசு சபைப் பாதிரியார், சபை உறுப்பினராகவும் இருந்தவர், பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய கோபமெல்லாம் கம்போடியா மேல் ரகசியமாக வீசிய குண்டுகளைப் பற்றியது. சொந்தக் கட்சிக்காரர்களே அவரை வாயை மூடச் சொல்லாத குறை. ஒரு வருஷம் கழித்து நீதிக் குழு உட்கார்ந்தபோது கம்போடியாக் குற்றச்சாட்டை 26-12 என்று தள்ளிவிட்டார்கள். எதிர்க்கட்சி அலுவலகத்தில் நுழைந்ததை மறைத்ததையும் அதிகாரத்தைத் தப்பாகப் பயன்படுத்தியதையும் பிடித்துக்கொண்டார்கள். செத்த கம்போடியக் குடியானவனுக்கு அந்தப் பேரேட்டில் ஒரு வரி கிடையாது. நீங்கள் ஏங்குகிற அந்த விழித்தெழுந்த அமெரிக்காவின் லட்சணம் இது.

"மக்கள் மரத்துப் போய்விட்டார்கள்" என்று இனிமேல் எழுதாதீர்கள். உங்கள் வயதில் இந்த வாக்கியம் வாய்க்கு ருசியாகத்தான் இருக்கும். 2007 மார்ச்சில் வெர்மாண்ட் மாநிலத்தில் 30-க்கும் மேற்பட்ட ஊர்களில், பள்ளிக்கூடச் செலவுக்கும் ரோட்டுக்கும் ஓட்டுப் போடக் கூடுகிற வருஷாந்தரக் கூட்டத்தில், கையோடு புஷ்ஷைப் பதவிநீக்கம் செய்யச் சொல்லியும் தீர்மானம் போட்டார்கள். விவசாயிகள், வாத்தியார்கள், கடைக்காரர்கள். அடுத்த மாதம் மாநில செனட்டும் 16-9 என்று அதையே சொன்னது. மாநிலக் கீழவையும் வாஷிங்டனும் அதைத் தூக்கிப் போட்டன. அந்த ஜனங்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லையே, தம்பி? அவர்கள் பேசினதைக் கேட்காமல் இருந்தது பத்திரிகைகள் மட்டும் இல்லை போலிருக்கிறது.

நம் குடியரசுத் தலைவர் கதைக்கு நான் வரவில்லை. நம் அரசமைப்பில் அதற்கு 61-ஆவது பிரிவு இருக்கிறது, இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை, இப்போதைக்குத் தொடப்போவதும் இல்லை. உங்களுக்கு வேண்டியது 1993 மே மாதம். உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானம். பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு வீட்டுக்குச் செய்த செலவுகள்தான் முக்கியமான குற்றச்சாட்டு. நீதிபதிகள் குழு விசாரித்துக் குற்றம் உண்டு என்று சொல்லியும் ஆகிவிட்டது. மக்களவையில் ஆதரவு 196 வாக்கு. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. காங்கிரஸும் கூட்டணியும் சேர்ந்து 205 பேர் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் தோற்றது. அவர் குற்றமற்றவர் என்று ஓட்டுப் போடவும் ஆளில்லை, குற்றவாளி என்று சொல்லவும் மனசில்லை. ஊடகம் அன்றைக்கு நிறையவே எழுதியது, அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. உங்கள் கட்டுரையில் ஊடகத்துக்கு இவ்வளவு பாரம் ஏற்றுவதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

அந்த விவாதம் மக்களவைப் பதிவுகளில் இருக்கிறது. நீதிபதிக்காகக் கபில் சிபல் வாதாடியதையும் விடாமல் படியுங்கள், கெட்டிக்கார வாதம். படித்துவிட்டுக் கட்டுரையைத் திரும்ப எழுதி அனுப்புங்கள், நிக்சனைத் திருத்தியிருக்கிறீர்களா என்று முதலில் பார்ப்பேன். தேவகோட்டையிலிருந்து காரைக்குடி ஒன்றும் தூரமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க, ஹேஸ்டிங்ஸ் விசாரணை பற்றிய புத்தகங்களைத் தருகிறேன். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் தருவேன்.

அன்புடன்,
ஆச்சி