கோர்ட்டில் சொல்லும் லத்தீன் வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

சொத்து வழக்கில் உங்களைப் பிரதிவாதியாகச் சேர்த்திருக்கிறார்கள், வக்கீல் ஆபீஸில் பேசும் லத்தீன் ஒன்றும் புரியவில்லை, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் வக்கீல் இல்லை. கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் உரக்கடை வைத்திருப்பவன். அப்பாவின் பாகப்பிரிவினை வழக்குக்காக ஒன்பது வருடம் கோர்ட் படி ஏறி இறங்கியதில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: சில சொற்கள் கூடவே ஒரு கெடுவைக் கூட்டிக்கொண்டு வரும். அவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு அர்த்தம் மெதுவாகத் தெரிந்தால் போதும்.

மூன்று ஏக்கர் சொச்சம் நஞ்சையில் பாகம் கேட்டுச் சித்தப்பா தாவா போட்டிருந்தார். சம்மன் வந்தது சம்பா நடவு நேரத்தில். அப்பா சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கினார், பட்டா சிட்டா இருக்கும் தகரப் பெட்டியில் வைத்தார், மறந்துவிட்டார். "தம்பிதானே, அறுப்பு முடியட்டும், பேசிக்கலாம்" என்பது அவர் கணக்கு. அறுப்பு முடிந்து அவர் போனபோது குமாஸ்தா சொன்னது: "ஐயா, நீங்க எக்ஸ்பார்ட்டி ஆயிட்டீங்களே!"

அப்பாவுக்கு எக்ஸ் எம்.எல்.ஏ. தெரியும். கோர்ட்டில் கட்சிக்காரரைப் 'பார்ட்டி' என்பார்கள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து, 'நாம் முன்னாள் பார்ட்டி, நம்மை வழக்கிலிருந்து விட்டுவிட்டார்கள்' என்று முடிவு செய்து நிம்மதியாக பஸ் ஏறி வந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்துப் பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எக்ஸ் பார்ட்டே என்றால் லத்தீனில் 'ஒரு பக்கத்திலிருந்து'. கோர்ட் சேவகரான டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நீங்கள் ஆஜராகவில்லை, வக்கீலும் இல்லை என்றால், எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்று எழுதுவது இதைத்தான். அதை நீக்கக் கோரி மனுப் போடலாம். தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள் அவகாசம். சம்மனே முறையாகச் சார்வு ஆகவில்லை, அதாவது உங்களிடம் சேர்க்கப்படவில்லை என்றால், தீர்ப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாரே! ஆகவே தீர்ப்பு நாள்தான் கணக்கு. 30 நாளும் போய், மேலே 47 நாள் ஆகியிருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு, அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம், எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை. எல்லாம் ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதற்கு.

ஆனால் அப்பாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தாவா, வாய்தா, ஜாமீன், ஜப்தி, அசல், நகல், ஏன், வக்கீல், முன்சீப் எல்லாமே அரபி, பாரசீகத்திலிருந்து வந்தவைதான். டெல்டாவில் எந்தக் கிழவியிடமும் 'ஜப்தி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அகராதி பார்த்தா தெரிந்துகொண்டார்கள்? ஜப்திக்கு ஆள் வந்து நின்றதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். லத்தீனும் அப்படித்தான் பழகும், என்ன, விலை கொஞ்சம் அதிகம்.

அடுத்து கேவியட். நேர் அர்த்தம் 'அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்'. 'கேவியட் போட்டுட்டா எவனும் கேஸ் போட முடியாது' என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். கேஸ் போடுவதை அது தடுக்காது. நமக்குத் தெரிவிக்காமல் இடைக்கால உத்தரவு வாங்கிவிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே போட்டு வைக்கும் மனு அது, அவ்வளவுதான். உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 148ஏ. ஆயுள் 90 நாள். வரப்புத் தகராறில் என் மாமா கேவியட் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார், புதுப்பிக்கவில்லை. பக்கத்து வயல்காரர் நாளை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். நூறாவது நாள் வாக்கில் வழக்குப் போட்டு, மாமாவுக்குத் தெரியாமலே இடைக்காலத் தடை வாங்கிவிட்டார்.

ஸ்டேட்டஸ் கோ எல்லோருக்கும் தெரிந்த சொல், 'இருக்கிற நிலை அப்படியே இருக்கட்டும்'. வீடு, மனைக்குச் சரி. வயலுக்கு? எங்கள் வழக்கில் இந்த உத்தரவு வந்தபோது தை பிறந்து கதிர் முற்றிச் சாய்ந்து நிற்கிறது. அறுத்தால் உத்தரவை மீறியதாகும் என்கிறார் சித்தப்பா. அறுக்காவிட்டால் நெல் கொட்டிவிடும். நிலம் யார் அனுபவத்தில், அதாவது யார் கைவசம் இருக்கிறது என்று உத்தரவில் ஒரு வரி இருந்திருந்தால் இந்த இழுபறியே இல்லை. மறுபடி மனுப் போட்டு, அப்பா அறுத்துக்கொள்ளலாம், வந்த வரவுக்குக் கோர்ட்டில் கணக்குத் தர வேண்டும் என்று தெளிவு வாங்கினோம். உங்கள் சொத்து விளைநிலமாக இருந்தால், இதை முதலிலேயே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் லிஸ் பெண்டன்ஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'நிலுவையில் உள்ள வழக்கு' என்று பொருள். சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 52. வழக்கு நடக்கும்போதே அந்தச் சொத்தை ஒருவர் விற்றால் கிரயம் செல்லாமல் போகாது, ஆனால் வழக்கின் முடிவு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். 'எனக்குத் தெரியாதுங்க' என்பது எடுபடாது. என் நண்பர் ஒருவர் வில்லங்கச் சான்று சுத்தமாக வந்ததை நம்பி மனை வாங்கினார். நிலுவை வழக்கு வில்லங்கத்தில் தெரிந்தே ஆகவேண்டும் என்பதில்லை. இப்போது கோர்ட் வழக்கு விவரங்களைக் காட்டும் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். விற்பவர் பெயர், அவர் அப்பா பெயர், பங்காளிகள் பெயர் எல்லாம் போட்டுப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. பிரைமா ஃபேசி என்றால் 'முதல் முகத்துக்கு', அதாவது மேலோட்டமாகப் பார்த்த அளவில். தமிழில் 'முகாந்திரம் இருக்கிறது' என்கிறோமே, அங்கேயும் முகம் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். ரெஸ் ஜூடிகேட்டா: அதே தரப்பினருக்குள் ஒருமுறை விசாரித்து இறுதியாக முடித்த விஷயத்தை மறுபடி கிளறக் கூடாது. ஹேபியஸ் கார்பஸில் வரும் கார்பஸ் பிணம் இல்லை, ஆள். அடைத்து வைத்திருக்கும் ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்பது. தமிழில் ஆட்கொணர்வு மனு என்று அழகாகவே வைத்திருக்கிறார்கள். அது தாலுகா கோர்ட்டில் நடக்காது, உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோதான். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், மயிலாடுதுறைக்காரர்கள் சென்னைக்கு. மதுரையில் நியாயம் கேட்ட கண்ணகியின் பூம்புகார் இன்று சென்னைக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்கிறது என்பது வேறு வேடிக்கை. அவள் போய்க் கேட்டதும், கோவலன் தரப்பை விசாரிக்காமலே தண்டித்த நியாயத்தைத்தானே. வக்கீல்கள் அதையே ஆடி ஆல்டெரம் பார்டெம் என்பார்கள், 'மறுதரப்பையும் கேள்'.

வக்கீல் ஏதாவது லத்தீன் சொல்லைச் சொன்னால் வெட்கப்படாமல் கேளுங்கள்: "சார், இதுக்கு நான் என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள்ள?" பதிலைத் தேதியோடு கேஸ் கட்டின் மேலேயே எழுதி வையுங்கள். நான் கடைசி வரை அப்படித்தான் செய்தேன்.

எங்கள் வழக்கு லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், ராஜியாகி முடிந்தது. சித்தப்பா கட்டியிருந்த கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைத்தது, பெரிய தொகை இல்லை. "டிக்ரிதான் ஒழுங்கா கிடைக்கல, வாங்கண்ணே, டிகிரியாவது குடிப்போம்" என்று அப்பாவைக் காபிக்குக் கூட்டிப்போனார். பித்தளை டபரா சூடாக இருந்தது, இரண்டு பேரும் துண்டால் பிடித்துக்கொண்டு குடித்தார்கள்.