எட்டா, பன்னிரண்டா? – கடிதம்

அன்புள்ள சார்,

வாடகை வீட்டு ஹாலில் சின்னதாக ஒரு ஹோம் தியேட்டர் அமைக்கிறேன். ஹால் 16 அடிக்கு 10 அடி. ஒரு கோடியில் டிவி, நட்டநடுவில் சோபா, பின்னால் சாப்பாட்டு மேஜை, அதற்கும் பின்னால் அடுக்களை. ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கர்களும் வாங்கியாகிவிட்டது. கனத்த அடித்தொனியை (பேஸ்) மட்டும் தரும் பெட்டியான சப்வூஃபருக்கு 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். நண்பரின் 8 இன்ச் சப்வூஃபரை இரவல் வாங்கி டிவி பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் என்பதே இல்லை. 12 இன்ச்சுக்குக் குறைந்து வாங்காதே என்று யூடியூபில் அமெரிக்கர்கள் சொல்கிறார்கள். என் மனைவியோ இதுவே அதிகம், அடுக்களையில் பாத்திரமெல்லாம் அதிர்கிறது என்கிறார். அவருக்கு இதிலெல்லாம் விவரம் போதாது. நான் 10 இன்ச் வாங்குவதா, 12 இன்ச்சா? முன்பக்கம் பார்த்து ஒலிப்பது நல்லதா, தரையைப் பார்த்து ஒலிப்பதா? தங்க முலாம் பூசிய கேபிள் அவசியமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேபிளை விடுங்கள், சாதாரணமானதே போதும். முன்பக்கமா தரையா என்பதும் உங்கள் ஹாலில் பெரிய வித்தியாசம் தராது. அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. (ஒரு கணம் எட்டும் உச்ச சக்தி என்று விற்பனைக்காகப் போடும் கணக்கு) என்று போட்டிருந்தால் அந்தப் பெட்டியையே தொடாதீர்கள். ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடிதத்தின் ஒரு வரிக்காக. அடுக்களையில் பாத்திரம் அதிர்கிறது என்று உங்கள் மனைவி சொன்னார். அவருக்கு விவரம் போதாது என்று அடுத்த வரியிலேயே எழுதிவிட்டீர்கள். இந்தக் கடிதம் முழுவதிலும் காதால் கேட்டு, கேட்டதை அப்படியே சொன்னவர் அவர் ஒருவர்தான். நீங்கள் யூடியூபில் கேட்டதைச் சொல்கிறீர்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

சோபாவில் பேஸ் இல்லை, அடுக்களையில் அதிர்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த எட்டு இன்ச் பெட்டி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் அது வந்து சேரவில்லை.

ஒரு நீளமான தட்டில் தண்ணீர் ஊற்றி இரண்டு கையாலும் மெல்ல ஆட்டுங்கள். இந்த ஓரத்தில் ஏறும்போது அந்த ஓரத்தில் இறங்கும். நடுவில் மட்டம் மாறாது. அறைக்குள் காற்றும் அப்படித்தான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,130 அடி போகிறது. 16 அடி நீளமுள்ள அறையில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, சுமார் 35 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 35 தடவை, இப்படி ஆட ஆரம்பிக்கும். இரண்டு கோடிச் சுவர்களிலும் அழுத்தம் மிக அதிகம், நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சினிமாவில் இடியும் வெடியும் உறுமுவது அந்த 35 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான். நீங்கள் சோபாவைப் போட்டிருப்பது தண்ணீர் அசையாத அந்த இடத்தில். உங்கள் மனைவி நிற்பது தட்டின் ஓரத்தில்.

இப்போது 12 இன்ச் வாங்கி வைக்கிறீர்கள். எட்டைவிட, காற்றைத் தள்ளும் அதன் கூம்புக்கு இரண்டேகால் மடங்கு பரப்பு. அதாவது தட்டை இன்னும் பலமாக ஆட்டப்போகிறீர்கள். ஓரத்தில் தண்ணீர் வழியும், நடுவில் அப்போதும் அசையாது. அடுக்களையில் டம்ளர் உருளும், கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வருவார், நீங்கள் சோபாவில் உட்கார்ந்து 15 இன்ச் பார்த்திருக்கலாமோ என்று நினைப்பீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ பேர் இந்த ஒரு விஷயம் தெரியாமல் பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். ஆள் உட்காரும் இடம் தப்பாக இருந்தால் பெட்டியின் அளவு அதைச் சரிசெய்யாது.

இது எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல. அண்ணனிடமிருந்து வந்தது. சில மாதங்களாக அவனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளில் அண்ணன் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். முதல் சம்பளத்தில் பழைய எட்டு இன்ச் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்தான். மரப்பெட்டி செய்யக் காசில்லை. அப்போது ஊருக்கு ஊர் டீக்கடையிலும் சலூனிலும் மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி வைத்திருப்பார்கள். அவனும் அம்மாவின் தண்ணீர்ப் பானையை எடுத்துக்கொண்டான். அம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

பாட்டுப் போட்டதும் தெருவே எட்டிப் பார்த்தது. எனக்கு நெஞ்சுக்குள் யாரோ தட்டுவது போலிருந்தது. ஆனால் அண்ணனுக்குத் திருப்தியில்லை. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘தும்’தான் வருகிறது என்றான். பேஸ் கிதார் மேலே போனாலும் கீழே வந்தாலும் பானை தனக்குத் தெரிந்த ஒரே சுரத்தைத்தான் சொன்னது. இன்றைக்கும் மலிவான சப்வூஃபர்கள் பலவற்றில் நான் கேட்பது அந்தப் பானையைத்தான். கடையில் ஒரு வெடிச்சத்தத்தைப் போட்டுக் காட்டினால் பிரமாதமாக இருக்கும். பேஸ் கிதார் வரும் பாட்டொன்றைப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கவில்லை என்றால் 12 இன்ச்சானாலும் வேண்டாம்.

அண்ணன் தலையணையைப் பிரித்துப் பஞ்சை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பானைக்குள் திணித்தான். ‘தும்’ அடங்கி மற்ற சுரங்கள் வெளியே வந்தன. ஆனாலும் அவன் உட்காரும் இடத்தில் பேஸ் வற்றிக் கிடந்தது. மூன்று நாள் ஒயரை மாற்றினான், பஞ்சை மாற்றினான். நாலாம் நாள் அம்மா அடுப்படியிலிருந்து, “இங்கன நல்லாத்தான கேக்குது, நீ ஏன்டா அங்கன போயி உக்காந்துருக்க?” என்றாள். அண்ணன் எழுந்துபோய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு பாட்டு முழுக்க அசையாமல் கேட்டான். அப்புறம் ஒவ்வொரு சுவராகக் கையை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தான். அன்றைக்குச் சாயங்காலம் பானையும் பாயும் இடம் மாறின. அதற்குப் பின் அந்த வீட்டில் கேட்ட பேஸை நான் எந்த விலை கொடுத்தும் திரும்ப வாங்க முடிந்ததில்லை.

இப்போது அண்ணனுக்குக் காது மந்தம். வயதாகும்போது மேல் ஸ்தாயிதான் முதலில் போகும். பேச்சில் பாதி எழுத்துகள் அவனுக்கு விழுவதில்லை. போன மாதம் வந்திருந்தான். பாட்டுப் போட்டேன். எழுந்துபோய் வூஃபர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

சரி, உங்கள் கேள்வி. அளவு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அதே சத்தத்தோடு 40 ஹெர்ட்ஸிலிருந்து 20-க்கு இறங்க நான்கு மடங்கு காற்றைத் தள்ளவேண்டும், அதற்குப் பெரிய கூம்பு உதவும். ஆனால் அமெரிக்க விமர்சகர்களின் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. அந்தச் சுவர் தானும் அதிர்ந்து பேஸில் ஒரு பங்கை விழுங்கிவிடும். உங்களுடையது செங்கலும் கான்கிரீட்டும், போன பேஸ் அப்படியே திரும்பி வரும். உங்கள் ஹாலுக்கு ஒழுங்கான 10 இன்ச் தாராளம். ரிசீவரில் கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகவேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

ஆனால் இப்போதே வாங்காதீர்கள். முதலில் சோபாவை இரண்டு மூன்றடி பின்னால் தள்ளுங்கள், சாப்பாட்டு மேஜை கொஞ்சம் ஒதுங்கட்டும். சுவரோடு மட்டும் ஒட்டிவிட வேண்டாம், அங்கே பேஸ் மிஞ்சிப்போகும். பிறகு இரவல் பெட்டியைத் தூக்கிச் சோபாமேல், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, பெட்டி வைக்கத் தோதான இடங்களில் தரையில் உட்கார்ந்து, தலையைத் தாழ்த்திக் கேளுங்கள். சத்தம் அதிகமான இடத்தைத் தேடாதீர்கள். எல்லாச் சுரமும் ஒரே சீராகக் கேட்கும் இடம் ஒன்று கிடைக்கும், பெட்டியை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

இதை நீங்கள் மட்டும் செய்யாதீர்கள். உங்கள் மனைவியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எங்கே நன்றாகக் கேட்டது என்று அவர் சொன்னதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.