உப்பு படிந்தால் என்ன செய்வது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வேலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் கல்லூரியில் புதிதாகப் புத்தாக்க மையம் திறந்திருக்கிறார்கள். ஐ.நா. 2015-ல் அறிவித்த 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஒட்டி மாணவர்களுக்கு ஒரு போட்டி நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. 36 மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து ஒரு கருவியையோ செயலியையோ அவர்கள் செய்து காட்ட வேண்டும். தண்ணீர், கழிவு, மாணவர் மனநலம் என்று மூன்று தலைப்புகள் வைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா? மனநலத்துக்கு ஏற்கெனவே ஒரு குழு செயலி செய்யத் தொடங்கிவிட்டது. சுற்றியுள்ள கிராம மக்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தும் முகாமும் உண்டு.

இத்தனையும் செய்துகொண்டே, கல்லூரி வளாகத்துக்குள் பிறக்கும் கண்டுபிடிப்பு எதுவாவது நிஜத்தில் மனிதர்கள் வாழ்க்கையைத் தொடுமா, இல்லை கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்கிற நாக் (NAAC) குழு வரும்போது காட்டுகிற கோப்புதானா என்று சில நாள் மனம் சோர்ந்துபோகிறது. பரிசளிப்புக்கு நீங்கள் வர வேண்டும் என்பது என் ஆசை.

க.

அன்புள்ள தம்பி,

சோர்ந்துபோகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். போன வாரம் முழுக்க எனக்கும் இதே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். தலைப்புகள் மூன்றும் இருக்கட்டும். மனநலச் செயலி வேண்டாம். ராத்திரி ஒரு மணிக்கு மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பையனிடம் ஏற்கெனவே ஒரு போன் இருக்கிறது, அதில் அவனுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. விடுதி வார்டன்களுக்குக் காது கொடுத்துக் கேட்கப் பயிற்சி கொடுங்கள். அப்புறம், மனித நலனுக்கென்று நடத்துகிற போட்டியில் பிள்ளைகளை 36 மணி நேரம் தூங்க விடாமல் வைப்பது தப்பு. இரண்டு வாரம் கொடுங்கள், போதும்.

விழிப்புணர்வு முகாம் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் கோபம் வந்தது. யாருக்கு யார் விழிப்புணர்வு கொடுப்பது? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக் கிணறுகளில் தோல் தொழிற்சாலைக் கழிவால் தண்ணீர் உப்புக் கரித்து, ஆட்டுக்குக்கூட ஆகாமல் போனதை அந்த ஊர்க்காரர்கள் எந்த முகாமுக்கும் வந்து தெரிந்துகொள்ளவில்லை. வாயில் வைத்துத் தெரிந்துகொண்டார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்ன தீர்ப்பை இன்றைக்கு இந்தியாவில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும், கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் உறுதி செய்தது. நம் பாலாற்றங்கரைக்காரர்கள் வாங்கிய தீர்ப்பு அது.

அந்தத் தீர்ப்பில் ஒரு விவரம் வருகிறது. தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்று கணக்கிட்டுச் சொன்னது வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். மண்ணை அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அது வழக்கில் போய் நின்றது. ஊருக்கு ஒரு பல்கலைக்கழகம் செய்யக்கூடிய பெரிய உதவி இது. உங்கள் மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்புங்கள், ஆனால் பேச அனுப்பாதீர்கள். கிணற்றுத் தண்ணீரை வருஷா வருஷம் ஒரே மாதத்தில் எடுத்து, உப்பளவு பார்த்து, அதை அந்தந்த ஊர் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு வரட்டும்.

இனி உங்கள் சோர்வுக்கு வருகிறேன்.

வளாகத்தில் பிறந்தது வாழ்க்கையைத் தொடுமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் தினம் பஸ்ஸில் கடந்து போகிற ஊரில் தொட்டிருக்கிறது. டாக்டர் பால் பிராண்ட் கொல்லிமலையில் பிறந்தவர், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, அதாவது சி.எம்.சி.க்கு, வந்தார். தொழுநோய் வந்தவர்களின் விரலும் பாதமும் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அப்போது டாக்டர்களே நம்பினார்கள். நரம்பு செத்துப்போவதால் வலி தெரிவதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், குத்திக்கொள்கிறார்கள், புண்ணோடே நடக்கிறார்கள், அதுதான் பாதத்தைத் தின்கிறது என்று அவரும் கூட இருந்தவர்களும் நோயாளிகளோடு பழகிப் பழகிக் கண்டுபிடித்தார்கள். மடங்கிப்போன விரல்களுக்கு அவர் செய்த அறுவை சிகிச்சையைத்தான் உலகம் கொண்டாடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஒரு செருப்பு.

எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். நுண்ணறை ரப்பர். பாதத்தின் எடையை ஒரே இடத்தில் இறக்காமல் பரப்பிவிடும். ரொம்ப மெத்தென்று இருந்தால் அமுங்கித் தரையைத் தொட்டுவிடும், கெட்டியாக இருந்தால் புண்ணாக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் கண்டுபிடித்தார்கள். ஆணி கூடாது. ஆணி மேலே வந்து குத்தினால் அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது, சாயங்காலம் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். எனவே தைக்க வேண்டும், ஒட்ட வேண்டும். ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்புகிற இந்தப் பகுதியில்தான், யாரும் பக்கத்தில் உட்காரச் சம்மதிக்காத மனிதர்களின் காலை மடியில் வைத்து அளவெடுத்து இந்தச் செருப்பைத் தைத்தார்கள்.

தம்பி, அந்த ரப்பர் தேயும். எத்தனை நல்ல செருப்பானாலும் நடக்க நடக்க ரப்பர் அமுங்கிப் பலகை மாதிரி ஆகிவிடும். அமுங்கின செருப்பைப் போட்டு நடந்தால் பழைய புண் திரும்பும். அப்படியென்றால் புதுச் செருப்பு வேண்டும், வருஷா வருஷம் வேண்டும், அந்த மனிதர் இருக்கும்வரை வேண்டும். வேலூர் பக்கத்தில் 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் செருப்புப் பட்டறை ஒன்று நடந்துகொண்டே இருந்ததால்தான் அந்தக் கண்டுபிடிப்புக்கு உயிர் இருந்தது. பிராண்ட் 1966-ல் அமெரிக்கா போய்விட்டார். பட்டறை போகவில்லை. பாதத்தைத் தினமும் பார், தண்ணீரில் ஊறவை, எண்ணெய் தடவு என்று திரும்பத் திரும்பச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பரிசுப் பலகையிலும் இருக்காது.

என் சித்தப்பாவை நினைத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மோட்டார் ஓட்டினார். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். போர் மோட்டார், சம்ப், ஆறேழு மேல்நிலைத் தொட்டிகள், எந்த வால்வைத் திருப்பினால் எந்த விடுதிக்குப் போகும் என்கிற வரைபடம் முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. குழாயில் காது வைத்தே தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லுவார். லீவில் அவரோடு மோட்டார் ரூமில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஒரு வருஷம் கடைசி வருட மாணவர்கள் தானாக ஓடி தானாக நிற்கும் கருவி செய்து தொட்டியில் மாட்டினார்கள். நல்ல பிள்ளைகள். இரண்டு கம்பி தண்ணீருக்குள் இறங்கியிருக்கும், தண்ணீர் தொட்டால் மோட்டார் நிற்கும். முதல் பரிசு கிடைத்தது, பேப்பரில் போட்டோ வந்தது. மாட்டின அன்றைக்குச் சித்தப்பா கேட்டாராம்: "நல்லாத்தான் கீது தம்பிங்களா. நம்ப தண்ணில உப்பு ஜாஸ்தி. கம்பில உப்பு படிஞ்சா இன்னா பண்றது?" அதெல்லாம் படியாது அண்ணா என்றார்கள். மே மாதம் பரீட்சை முடித்துப் போய்விட்டார்கள். மழைக்காலம் வருவதற்குள் கம்பியில் வெள்ளையாக உப்பு படிந்து, தண்ணீர் தொட்டாலும் தெரியாமல், ராத்திரி முழுக்க மோட்டார் ஓடித் தொட்டி வழிந்தது. இன்னொரு நாள் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகியது. யாரைக் கூப்பிடுவது? கருவியில் கல்லூரிச் சின்னம் இருந்தது, போன் நம்பர் இல்லை. சித்தப்பாவுக்கு மெமோ வந்தது. சம்பளத்தில் பிடித்தார்கள். அவர் கருவியைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு மறுபடி குழாயில் காது வைக்க ஆரம்பித்தார். அதைத் தூக்கிப் போடவில்லை, கடைசிவரை வைத்திருந்தார். "பசங்க கஷ்டப்பட்டு செஞ்சதும்மா" என்பார்.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு மதிப்பெண் கொடுத்த முறையின் மேல் இருக்கிறது. புதிதாகச் செய்தால் மதிப்பெண். செய்ததைக் கழுவித் துடைத்து ஓட வைத்தால் ஒன்றுமில்லை. சீனியர் விட்டுப்போனதை எடுத்துச் சரிசெய்கிறேன் என்று ஒரு மாணவி வந்தால், "ஏற்கெனவே பண்ணியாச்சேம்மா, புதுசா ஏதாவது சொல்லு" என்று திருப்பி அனுப்புகிறீர்கள். நீங்கள் என்றே சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அப்படி அனுப்பியிருப்பீர்கள். போன வாரம் ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தேன். வாசலில் பசுமை வளாக விருதின் பெரிய பேனர். மாடியில் சூரிய மின்தகடுகள் புழுதி மூடிக் கிடந்தன. நம் ஊர் வெயிலும் புழுதியும் சேர்ந்தால் தகட்டைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் மின்சாரம் குறையும். யார் கழுவுவது, கழுவத் தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் அது இல்லை என்றார்கள்.

தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நாடே திரும்பிப் பார்த்த காரியம். உங்கள் கல்லூரியில் அந்தக் குழிகள் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியுமா? ஐப்பசி மழைக்கு முன்னால் கல்லையும் மணலையும் அள்ளிக் கழுவிப் போடாவிட்டால் அடைத்துக்கொள்ளும், மழை மேலேயே ஓடிவிடும்.

நம்மிடம் இல்லாத புத்தியா இது? 'தண்ணியில்லாத ஆறு' என்று வேலூரைக் கேலி செய்வார்கள். அந்தப் பாலாற்று மணலுக்கு அடியில் ஓடும் நீரை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோனவர்கள் நம் ஆட்கள். மணல் வருஷா வருஷம் மூடும். வருஷா வருஷம் ஊரே இறங்கித் தூர்வாரும், வராத வீட்டுக்குத் தண்டம். யாருக்கு எப்போது தண்ணீர் என்று மடையைத் திறந்து மூட நீர்க்கட்டி இருப்பார், அறுவடையில் அவருக்கு நெல் உண்டு. குடிமராமத்து என்று பெயர். பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர்தான் நீர்க்கட்டி, கையளவு நெல்லைத் தவிர மரியாதை என்று ஒன்றும் அவருக்குக் கிடைத்ததில்லை, அந்தக் கேட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறும் மணல் அள்ளலும் வந்து ஊற்றுக்கால் செத்தது. ஆனால் பராமரிப்பவரின் அறிவையும் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் அந்த ஏற்பாடு நூற்றாண்டுகளாக ஓடியது.

உங்கள் போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. நடத்துங்கள். நடுவர் வரிசையில் மோட்டார் ஓட்டுபவரையும் மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் அக்காவையும் உட்கார வையுங்கள். ஒப்புக்கு வேண்டாம், அவர்கள் மதிப்பெண்ணுக்கும் துறைத் தலைவர் மதிப்பெண்ணுக்கும் ஒரே எடை இருக்கட்டும். பரிசுப் பணத்தில் பாதியை மட்டும் மேடையில் கொடுங்கள். மீதிப் பாதி அடுத்த வருஷம் அதே நாளில், கருவி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும், அதைச் செய்தவர்களுக்கும் பார்த்துக்கொண்டவருக்கும் சமமாக. கெட்டுப்போனால் வேலையாளின் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் எந்தக் கருவியையும் அவர் பொறுப்பில் மாட்டாதீர்கள். வளாக நலம், மனித நலம் என்கிறோமே, ஒப்பந்தத் தொழிலாளியாகக் காலை ஆறு மணிக்கு வந்து கூட்டுகிற அம்மாவும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். அவருக்கு உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள், அதற்கு எந்தப் புத்தாக்க மையமும் தேவையில்லை.

பரிசளிப்புக்கு நான் வரவில்லை. உங்கள் துறையில் பழைய ப்ராஜெக்டுகளைப் போட்டு வைத்திருக்கும் அலமாரி ஒன்று இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். அதில் ஏதாவது ஒன்றை உங்கள் மாணவர்கள் மறுபடி ஓட வைத்து, அது ஒரு வெயில் காலத்தையும் ஒரு மழைக் காலத்தையும் தாண்டினால் எனக்கு எழுதுங்கள். கிளம்பி வருகிறேன். பொன்னாடை, மேடை வேண்டாம். மோட்டார் ரூமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அங்கே இருப்பவரோடு கொஞ்ச நேரம் பேச வேண்டும். அவருக்கு எந்த ஷிஃப்ட் என்று கேட்டுக்கொண்டு நாள் வையுங்கள்.

அன்புடன்
அம்மா