ஸ்பொன்சர் காசு யார் கையிலிருந்து போக வேண்டும்? நிலாவெளி சமையல் கலைஞருக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 29 வயது. நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டல் குசினியில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். கொமியாக, அதாவது இளநிலைச் சமையல் ஆளாகச் சேர்ந்தேன், இப்போது கடலுணவுப் பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. பெரியம்மாவின் மகன் அவுஸ்திரேலியாவில் கேத்தரின் என்ற ஊரில் இருக்கிறார். அங்கே ஒரு மோட்டல் முதலாளிக்குச் சமையலுக்கு ஆள் கிடைக்கவில்லை, ஸ்பொன்சர் செய்யத் தயார் என்று அண்ணன் சொல்கிறார். இதை அறிந்த திருகோணமலை முகவர் ஒருவர், எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாக 35 இலட்சம் ரூபாய் கேட்கிறார். அதில் 15 இலட்சம் ‘ஸ்பொன்சர் கட்டணம்’, முற்பணமாக வேண்டுமாம். அவர் தந்த கடிதத்தில் ‘கிச்சன் ஹேண்ட்’, மாதம் 4,500 டொலர் என்று இருக்கிறது. முதலில் சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம், தம்பி. முகவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ஆனால் அண்ணன் சொன்ன வாய்ப்பைக் கைவிடவும் வேண்டாம். இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். முகவர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி உங்களிடம் விற்கப் பார்க்கிறார்.

அவுஸ்திரேலியாவின் பெருநகரங்களுக்கு வெளியே உள்ள ஹோட்டல்களுக்கும் மோட்டல்களுக்கும் சமையல் ஆட்கள் கிடைப்பது கடினம் என்பது உண்மை. கேத்தரின், டார்வினிலிருந்து தெற்கே சுமார் 320 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் சிறிய ஊர். உள்ளூர் இளைஞர்கள் நகரங்களை நோக்கிப் போய்விடுவதால் முதலாளிகள் வெளிநாட்டவரைத் தேடுகிறார்கள். அதற்குச் சட்டப்படியான வழி உண்டு. 2024 டிசம்பர் 7 முதல் அதன் பெயர் ‘ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்’ விசா; எண் பழைய 482தான்.

இந்த விசாவில் மூன்று படிகள். முதலாளி ஸ்பொன்சராக அங்கீகாரம் பெற வேண்டும். அடுத்து, குறித்த வேலைக்குக் குறித்த ஆளை முன்மொழிய வேண்டும். கடைசிப் படியான விசா விண்ணப்பம் மட்டுமே உங்களுடையது. முதல் படிக்கு 420 டொலர், இரண்டாவதற்கு 330 டொலர். இவற்றோடு, அவுஸ்திரேலியர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிப்பதற்கென ஒரு வரியும் உண்டு. ஆண்டு வருமானம் ஒரு கோடி டொலருக்குக் குறைந்த நிறுவனம் ஆண்டுக்கு 1,200 டொலர் கட்ட வேண்டும். நான்கு ஆண்டு விசா என்றால் 4,800 டொலரையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மொத்தம் 5,550 டொலர். இதில் ஒரு சதமும் தொழிலாளியின் தலையில் விழக் கூடாது. அந்தச் செலவை உங்களிடமிருந்து வாங்குவது அங்கே சட்டவிரோதம். விசா ஸ்பொன்சர் செய்வதற்காகப் பணமோ வேறு பலனோ கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பர் முதல் குற்றம்; கொடுப்பது தண்டப்பணத்துக்குரிய மீறல். வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் மாட்டுவார். அவருடைய விசா ரத்தாகலாம். அந்த 15 இலட்சத்தை நீங்கள் கொடுத்தால் ஏமாந்தவர் என்ற இடத்தில் மட்டும் நிற்க மாட்டீர்கள், சட்டத்தை மீறியவர் என்ற இடத்திலும் நிற்பீர்கள். இதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் பங்குக்கு வரும் நியாயமான செலவுகள் வேறு. விசாக் கட்டணம் 3,000 டொலருக்கு மேல். சில முதலாளிகள் அதையும் கட்டுகிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஆங்கிலப் பரீட்சை, மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் சான்றிதழ், மருத்துவக் காப்புறுதி ஆகியவையும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு கிடைக்கும். பற்றுச்சீட்டு இல்லாத தொகையைக் கட்ட வேண்டிய தேவை இந்த வழியில் எங்குமே இல்லை.

இனி அந்தக் கடிதத்தைப் பார்ப்போம். மாதம் 4,500 டொலர் என்றால் ஆண்டுக்கு 54,000. அவுஸ்திரேலிய அரசு இந்த விசாவுக்கெனப் பட்டியலிட்ட தொழில்களுக்கு ஸ்பொன்சர் செய்ய 2025 யூலை 1 முதல் இருந்த ஆகக் குறைந்த ஆண்டுச் சம்பளம் 76,515 டொலர். ஆண்டுதோறும் யூலையில் அது திருத்தப்படும். அதாவது மாதம் 6,376 டொலர் அளவில் வர வேண்டும். முதலாளி கட்ட வேண்டிய ஓய்வூதியப் பங்கான 12 சதவீதம் இதற்கு மேலே. கேத்தரின் இருக்கும் வட பிராந்தியத்தைப் போன்ற சில பகுதிகள் மத்திய அரசோடு ‘டாமா’ எனப்படும் தனி உடன்படிக்கை வைத்திருக்கின்றன. அதில் சம்பள எல்லையை 10 சதவீதம் வரை தளர்த்த இடமிருக்கலாம். அப்படித் தளர்த்தினாலும் 68,800 டொலருக்குக் கீழே போகாது. ஆக, 54,000 எந்தக் கணக்கிலும் பொருந்தவில்லை. ‘கிச்சன் ஹேண்ட்’ என்பது பாத்திரம் கழுவி, மரக்கறி வெட்டும் உதவியாளர் வேலை. அது தொழிற் பட்டியலில் இல்லை. உங்கள் அனுபவத்துக்கு உரியது ‘செஃப்’ என்ற தொழில். முகவர் அந்த மோட்டல் முதலாளியோடு பேசியே இருக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

சுற்றுலா விசா யோசனை இன்னும் மோசமானது. அதில் வேலை செய்யத் தடை உண்டு. பலருக்கு 8503 என்ற நிபந்தனையும் சேர்த்தே விசா வழங்கப்படுகிறது. அது இருந்தால் அங்கிருந்தபடி வேறு விசாவுக்குப் பெரும்பாலும் விண்ணப்பிக்க முடியாது. வேலை தேடும் எண்ணத்தோடு ‘சுற்றிப் பார்க்க’ என்று எழுதிக் கொடுத்தால், பின்னால் வரும் எல்லா விண்ணப்பங்களையும் அந்தப் பொய் துரத்தும்.

இப்போது உங்கள் கையில் உள்ள வேலை. விசாவுக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் குறைந்தது ஓர் ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும். உங்களிடம் ஆறு வருடம் இருக்கிறது. ஆனால் அதைக் கடதாசியில் காட்ட முடியுமா? உப்புவெளி, நிலாவெளிப் பிள்ளைகளுக்கு இங்கேதான் இடறுகிறது. சித்திரையில் சீசன் தொடங்குகிறது, புரட்டாதியோடு ஓய்கிறது. வாடைக் காற்று வந்ததும் பாதிக் குசினிகள் மூடிக்கொள்கின்றன. சம்பளம் கையில் காசாகக் கிடைக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் நீங்கள் 8 சதவீதமும் கட்ட வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் பேரேட்டில் பெயரே இல்லை. விசா அதிகாரிக்கு உங்கள் கைப்பக்குவம் தெரியாது. சேமலாப நிதிக் கணக்கும் சம்பளச் சிட்டையும் வங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டுமே அவர் பார்ப்பார்.

உங்கள் ஹோட்டலில் கேட்க வேண்டிய சேவைக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். ‘இவர் நேர்மையானவர், கடின உழைப்பாளி’ என்ற இரண்டு வரிக் கடிதம் உதவாது. தலைப்புத் தாளில் நிறுவனப் பதிவு இலக்கம், சேர்ந்த திகதி, ஒவ்வொரு பதவி உயர்வின் திகதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளமும் சேவைக் கட்டணப் பங்கும் தனித்தனியாக, சீசன் முடிந்து வேலை நின்ற மாதங்கள் இருந்தால் அவையும் மறைக்காமல். பிறகு செய்யும் வேலை: மெனு திட்டமிடல், மீன் கொள்வனவு, இருப்புக் கணக்கு, கொமிகளுக்குப் பயிற்சி. கையொப்பமிடுபவரின் பெயரும் பதவியும் தொலைபேசி இலக்கமும் கட்டாயம். அந்த இலக்கத்துக்கு அதிகாரிகள் அழைப்பு எடுக்கக் கூடும். உங்களிடம் தொழிற் தகைமைச் சான்றிதழ் இல்லை என்றால், முன்னனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் பெறும் வழி நாட்டில் இருக்கிறது. குசினியில் பழகியவருக்கு அது எட்டாத காரியமல்ல. ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் ஒவ்வொரு பகுதியிலும் 5 போதும். வெள்ளைக்கார விருந்தினரோடு பேசிப் பழகிய உங்களுக்குப் பேச்சில் பயமிருக்காது. எழுதும் பகுதிக்கு இப்போதே பயிற்சி எடுங்கள்.

அண்ணனிடம் கேளுங்கள்: மோட்டலின் ஏ.பி.என். எனப்படும் வணிக இலக்கம் என்ன? அதை இணையத்தில் யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். முதலாளி ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட ஸ்பொன்சரா? வேலையைக் குறைந்தது நான்கு வாரம் உள்நாட்டில் விளம்பரம் செய்தாரா? இன்னொன்றும் முக்கியம். கேத்தரினில் மே முதல் ஒக்டோபர் வரைதான் உல்லாசப் பயணிகள் திரள்வார்கள், மழைக்காலம் மந்தமானது. நம்மூர் சீசனைப் போலவேதான். மழைக்காலத்திலும் வாரம் 38 மணித்தியால வேலையும் முழுச் சம்பளமும் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தாகக் கேளுங்கள். முதலாளிக்கு முகவர் தேவைப்பட்டால், அவுஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடிவரவு முகவர் ஒருவரை அவரே அமர்த்தட்டும்.

போன பிறகு முதலாளி மோசமானவர் என்று தெரிந்தால் அடிமையாகக் கிடக்க வேண்டியதில்லை. 2024 யூலை முதல், வேலையை விட்டால் இன்னொரு ஸ்பொன்சரைத் தேட ஒரு தடவைக்கு 180 நாள் வரை அவகாசம் உண்டு. மொத்தம் 365 நாள். சம்பளப் பிணக்குக்கு 13 13 94 என்ற இலக்கத்தில் அவுஸ்திரேலியாவின் நியாய வேலை அதிகாரியை (Fair Work Ombudsman) அழைக்கலாம். 131 450 இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம்.

விசா கிடைத்ததும் புறப்படுவதற்கு முன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யுங்கள். முகவர் இல்லாமல் நேரடியாக வேலை தேடிக்கொண்டவரும் பதியலாம். காப்புறுதியும் அதோடு வரும். அந்தத் திருகோணமலை முகவருக்குப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா, இந்த வேலைக்கு ஆள் திரட்ட அனுமதி பெற்றாரா என்று பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அவர் தந்த கடிதத்தையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்துப் பணியகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். இதே கடிதம் மூதூரிலும் கிண்ணியாவிலும் வேறு வீடுகளுக்குப் போயிருக்கலாம். அங்கே நகை ஏற்கெனவே அடகுக்குப் போயிருக்கவும் கூடும்.